நேற்றைய மிதி

ஆழமடையில் வண்டி மலையேற வேண்டுமென்றால் முந்தின நாளே அதை ஒருவர் மிதித்திருக்க வேண்டும். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், நன்றாகச் சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் மிதித்த கணமே வண்டி பாய்கிறது, அதனால்தான் நாளைக்கென்று ஒரு நாள் இருப்பது அவர்கள் காலுக்குத் தெரிவதில்லை. எங்கள் கால்களுக்குத் தெரியும், தெரிந்துகொள்வதற்கு நாங்கள் கொடுத்தது கொஞ்சமில்லை.

எங்கள் ஊர் மலையில்தான் இருக்கிறது, ஆனால் மலையின் உச்சியில் இல்லை, சுற்றிலும் செங்குத்தாக நிற்கும் சரிவுகளுக்கு நடுவே சட்டியின் அடியில் ஒட்டிய சோறு மாதிரி குழியின் தரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூண்டும் பீன்ஸும் கேரட்டும் எங்களிடம் இருக்கின்றன, டவுனும் ஆஸ்பத்திரியும் மேலே இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவில் இருபத்திரண்டு கிலோமீட்டர் ரோடும் பத்தொன்பது கொண்டை ஊசி வளைவும் இருக்கின்றன. ஆம்புலன்ஸ் மேலேயிருந்து இறங்கி வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு, திரும்பவும் மலையேறி முடிப்பதற்குள் ஒரு பாத்தி விடாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி முடித்துவிடலாம். ஊர் ஜீப்பில் போனால் எழுபது நிமிடம், அதுவும் ஜீப்புக்கு அன்றைக்கு மனசு இருந்தால்.

போதுமணியின் புருஷன் சுருளியப்பனுக்கு ஒரு மாசி மாதத்தில் நெஞ்சைப் பிடித்தது. அந்த முறை எப்படியோ பிழைத்துவிட்டார். ஆனால் டாக்டர் போதுமணியைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை வலி வந்தால் நாற்பது நிமிடத்துக்குள் இங்கே கொண்டுவந்தாக வேண்டும், அதற்குமேல் போனால் தன் கையில் எதுவும் இல்லை என்றார். அவள் "நாப்பதா?" என்று ஒரு முறைதான் கேட்டாள். நாற்பது என்றார். வேறு ஒருத்தியாக இருந்தால் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதிருப்பாள், போதுமணி ஊரின் ஒரே பட்டறைக்காரி, போடியில் லாரி ஷெட் வைத்திருந்த அப்பனுக்கு ஐந்தாவது பெண்ணாகப் பிறந்து, "பொண்ணு போதும்" என்று சாமிக்குச் சொல்லிவைப்பதற்காக அந்தப் பேரைச் சுமந்து, ஸ்பானர் பிடித்து வளர்ந்தவள், அவளுக்கு நாற்பது நிமிடம் என்பது துக்கம் இல்லை, அது ஒரு வேலை.

அந்த வண்டி ஏலக்காய் எஸ்டேட்டில் பலாமரத்தடியில் கிடந்தது. டீசல் டர்போ போட்ட பழைய ஸ்டேஷன் வேகன், கட்டில் போடும் அளவுக்குப் பின்னால் நீளம், இருபத்திரண்டு வயது, பின்சீட்டில் கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. எஸ்டேட்டின் இரண்டு ஜீப்புகளுக்கு எஞ்சின் பிரித்துக் கோர்த்துக் கொடுத்ததற்குக் கூலியாக இதைக் கேட்டாள். கோழியை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், முட்டையை வண்டியோடு தந்துவிட்டார்கள்.

ஏழு மாதம் வேலை செய்தாள். பின்சீட்டைப் பிடுங்கிவிட்டு, தண்டவாளம் போல இரண்டு சட்டம் வெல்டிங் வைத்து, இரும்புக் கட்டில் ஒன்று உள்ளே வழுக்கிக்கொண்டு போய்ப் பூட்டிக்கொள்கிற மாதிரி செய்தாள், ஸ்பிரிங்கை மாற்றினாள், பிரேக்கை மாற்றினாள், வளைவில் வால் வீசாமல் இருக்க அடியில் ஒரு கம்பியை வளைத்து மாட்டினாள், ஆக்சிஜன் சிலிண்டர் நிற்க வளையம் வைத்தாள். சுருளியப்பன் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து பூண்டு உரித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

"எல்லாம் என்னையத் தூக்கிட்டுப் போறதுக்குத்தான? நான் பாட்டுக்கு நடந்தே ஏறிருவேன்டி."

"நடந்தா மூணாவது வளைவுல உக்காந்துருவீங்க. பேசாம அந்தப் பதிமூணாம் நம்பர் ஸ்பானரை எடுங்க."

எல்லாம் செய்து ஏற்றிப் பார்த்தால் அறுபத்தைந்து நிமிடம். எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போ விரிசல் விட்டிருந்தது, ஒட்டவைத்தாலும் நிற்கவில்லை. அவள் மலையிறங்கிப் போய் சமவெளியில் ஒரு காயலான் கடையைப் புரட்டி, கருங்கல் சுமந்து ஓய்ந்துபோன பெரிய லாரி ஒன்றின் டர்போவை எடுத்துவந்தாள். அது பூசணிக்காய் தண்டி இருந்தது. அதைப் பொருத்த லேத்தில் ஒரு தகடு கடைந்து, குழாயை அறுத்து வளைத்து, பானெட்டில் ஓட்டை போட்டு, மூக்கு முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி மாட்டி முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வண்டியில் ஏறி மிதித்தாள். வண்டி சும்மா நின்றபடி உறுமிக்கொண்டிருந்ததே தவிர ஒரு பொட்டுக்கூட வேகம் கூடவில்லை. மூன்று முறை சின்னதாக மிதித்தாள், ஒரு முறை அழுத்தி நீளமாக மிதித்தாள், ஒன்றும் நடக்கவில்லை, சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை பத்து மணிக்கு எஞ்சினை ஓடவிட்டு, எங்கே காற்று கசிகிறது என்று கையை உள்ளே விட்டுத் தடவிக்கொண்டிருந்தபோது, டிரைவர் சீட்டில் ஈ காக்கை இல்லாத அந்த வண்டி மூன்று முறை சின்னதாகக் கத்திவிட்டு, ஒரு முறை பட்டறைத் தகரம் அதிரும்படி நீளமாகக் கத்தி அடங்கியது. போதுமணி கையை வெளியே எடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, துணியில் துடைத்துக்கொண்டாள்.

"டர்போ வண்டின்னா பிக்கப் கொஞ்சம் லேட்டாத்தான் வரும்" என்றாள் சுருளியப்பனிடம். "இதுக்கு ஒரு நாள் லேட்டு."

அவ்வளவுதான், அதற்குமேல் அவள் ஆச்சரியப்பட்டதாக யாரும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை பட்டறையில் உட்கார்ந்து, எஞ்சினை அணைத்துவிட்டு, பாதி அளவுக்கு மிதித்தபடியே இருந்தாள். அடுத்த நாள் இரண்டு மணிக்கு வண்டியை எடுத்தாள். வளைவில் பிரேக்கும் கிளட்சும் வைத்துச் சமாளித்துக்கொண்டு முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாள்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், எங்கள் ஊர் எதையும் எடுத்துக்கொள்ளும், முதலில் கொஞ்சம் கிண்டல் செய்யும். கோஸ் வியாபாரி வந்து நாளைக்கு அவன் லோடுக்கும் சேர்த்து மிதிக்க முடியுமா என்று கேட்டான். பூசாரி மாயாண்டி வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டு, கட்டினது இன்றைக்கா நாளைக்கா பலிக்கும் என்று குழம்பி, எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாளும் ஒன்று கட்டினார். திண்டுக்கல்லிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து குனிந்து நிமிர்ந்து, இது சாத்தியமே இல்லை என்று சொல்லி, சாத்தியமில்லாத பெடலை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனார், மறுநாள் அதே நேரத்துக்கு எஞ்சினை ஓடவிட்டோம், வண்டி இரண்டு துள்ளு துள்ளியது, பக்கத்தில் காயப்போட்டிருந்த மிளகாய்வற்றல் எல்லாம் பறந்தது. ஒரு செங்கல்லைப் பெடலின் மேல் வைத்துவிட்டால் மனுஷர் எதற்கு என்று ஒருவன் யோசனை சொன்னான், அதையும் வைத்துப் பார்த்தோம், மறுநாள் வண்டி கம்மென்று இருந்தது. கல்லுக்கு ஏது நாளை என்று பூசாரி சொன்னார், அவர் வாயிலிருந்தும் எப்போதாவது ஒரு நல்ல வார்த்தை வரும்.

நாளைக்கு எத்தனை மணிக்கு யாருக்கு நெஞ்சு வலிக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஒரு நாளின் இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று போதுமணி முடிவு கட்டினாள். முதல் ஒன்பது நாள் அவளே மிதித்தாள், சோறும் அங்கேதான், தூக்கமும் பெடலில் கால் வைத்தபடிதான், பத்தாம் நாள் முழங்கால் வீங்கி இறங்க முடியாமல் இருந்தபோது ஊர் கூடியது. எங்கள் ஊரில் ஒரு பொருள் ஒன்றாகவும் ஆட்கள் பலராகவும் இருந்தால் அதற்கு ஒரே வழிதான், முறை. ஓடையிலிருந்து வரும் வாய்க்காலுக்குப் பன்னிரண்டு முறைக்காரர்கள், ஆளுக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர், இது பாட்டன் காலத்து ஏற்பாடு. போதுமணி அந்தத் தண்ணீர் முறைப் பட்டியலை அப்படியே ஒரு அட்டையில் எழுதி பட்டறையில் மாட்டினாள். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை என் முறை, மூன்றிலிருந்து ஐந்து வரை காத்தமுத்து முறை.

காத்தமுத்துவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பீன்ஸ் தோட்டக்காரர், கறாரான ஆள். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு கோடையில் சுருளியப்பன் அவருடைய முறை முடிவதற்கு முன்பே மடையைத் திருப்பிவிட்டார், பூப்பிடித்து நின்ற பீன்ஸ் கொடியெல்லாம் கருகிப்போனது, அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அதற்கு முன்னால் போதுமணியை மதினி என்று வாய் நிறையக் கூப்பிடுவார், அதற்குப் பிறகு அவர் வீட்டு மோட்டார் ரிப்பேரானால் மலை இறக்கிக்கூடக் கொண்டுபோவார், அவளிடம் தரமாட்டார். அவர் மனைவி வெள்ளத்தாய்தான் இரண்டு பக்கமும் போய்வருவாள், இங்கே கொஞ்சம் கருவேப்பிலை கேட்டுவிட்டு அங்கே கொஞ்சம் பீன்ஸ் கொடுத்துவிட்டு. ஆனாலும் மிதி முறை வந்தபோது காத்தமுத்து தன் நேரத்துக்கு வந்து உட்கார்ந்தார். முறை என்றால் முறைதான், அதில் கோபம் கலக்கக்கூடாது.

நான்கு மாதம் நன்றாகவே போனது. மூக்கில் பீன்ஸ் விதை ஏறிய குழந்தை போனது, கால் ஒடிந்தவன் போனான், இரண்டு பிரசவம் போனது. பெரும்பாலான நாள் வண்டி எங்கும் போகவில்லை, எங்கள் மிதி எல்லாம் வீணாகப் போனது, அது வீணானால் ஊரில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று அர்த்தம், அந்த மாதிரி ஒரு வீண் உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்.

தவறு அந்த அட்டையில் இருந்தது. தண்ணீர் முறையில் அமாவாசைக்கு முறை கிடையாது, அன்றைக்கு மடையை அடைத்து வாய்க்காலைத் தூர்வாருவோம், தோட்டத்தில் ஏர் பூட்டமாட்டோம், மண்வெட்டி எடுக்கமாட்டோம். பட்டியலை அப்படியே எழுதிய போதுமணி அமாவாசைக் கட்டத்தையும் அப்படியே காலியாக விட்டாள், எங்களுக்கும் அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை, அமாவாசையில் காலுக்கும் ஓய்வு வேண்டும்தானே, மறுநாள் பாட்டிமை, பாட்டிமையில் எவன் பிரயாணம் புறப்படுவான் என்று பேசிக்கொண்டோம். முதல் நான்கு பாட்டிமையும் எங்கள் பேச்சை மெய்யாக்கின. ஐந்தாவது பாட்டிமையில், சரியாக மத்தியானம் மூன்று மணிக்கு, எஸ்டேட் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது, பீன்ஸ் பந்தலுக்குள் கட்டுவிரியன் கடித்த வெள்ளத்தாயைத் தோளில் போட்டுக்கொண்டு காத்தமுத்து பட்டறைக்குள் ஓடிவந்தார்.

போதுமணி கட்டிலை இழுத்தாள், ஏற்றினாள், பூட்டினாள், சாவியைத் திருப்பினாள், அப்போதுதான் அவளுக்கு நேற்று என்ன நாள் என்று உறைத்தது. அவள் முகத்தை நான் பார்த்தேன், அந்த முகத்தை மறக்க என்னால் இன்னும் முடியவில்லை. மிதித்து மிதித்துப் பார்த்தாள், வண்டி நத்தை மாதிரி பட்டறை வாசலைத் தாண்டி, ஏற்றம் தொடங்குகிற இடத்தில் நின்றுவிட்டது. வெள்ளத்தாயை ஜீப்பில் மாற்றினார்கள். பதினாறாவது வளைவில் அவள் போய்விட்டாள், அங்கிருந்து ஆஸ்பத்திரி எட்டு நிமிடம்.

கருமாதி முடிந்த அன்று போதுமணி காத்தமுத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். "அட்டைய எழுதுனது நானுங்க" என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, வாசல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் திரும்பிவந்து அட்டையில் அமாவாசைக் கட்டத்தில் தன் பேரை எழுதினாள். அன்றிலிருந்து எல்லா அமாவாசையும் முழுநாளும் அவளே மிதிக்கிறாள், யாரையும் பக்கத்தில் விடுவதில்லை.

காத்தமுத்து தன் முறைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். மூன்று மணிச் சங்குக்கு ஒரு நிமிடம் முன்னால் வருவார், நான் இறங்குவேன், அவர் ஏறுவார், பேச்சு கிடையாது. இப்போது என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் துண்டை மறந்துவிட்டுத் திரும்பிப் போனபோது பட்டறைக் கதவிடுக்கில் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவருடைய வலது முழங்கால் மேலே எழும்புகிறது, கீழே இறங்குகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழும்புகிறது. மிதியின் விதி எல்லோருக்கும் தெரியும், பாதி மிதி, ஒரே சீராக, எடுக்கக் கூடாது. இந்த மனுஷன் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார். அடுத்த நாளும் பார்த்தேன், அதற்கடுத்த நாளும் பார்த்தேன். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை, டீக்கடையில் சொன்னேன், கோயில் மண்டபத்தில் சொன்னேன், மூன்றிலிருந்து ஐந்துக்குள் யாருக்காவது ஒன்று ஆனால் வண்டி நடுமலையில் விக்கி விக்கி நிற்கும் என்று சொன்னேன்.

ஊர் கொதித்தது. பொண்டாட்டி போன கோபத்தில் நம்மைப் பழிவாங்குகிறான் என்றார்கள், சுருளியப்பனுக்குக் குழி பறிக்கிறான் என்றார்கள். இன்று மிதிப்பதற்குச் சத்தம் இல்லை, சரியாக மிதித்தாரா என்று நாளைக்கு அதே நேரத்தில் எஞ்சினை ஓடவிட்டால்தான் தெரியும், ஆனால் ஒருவருடைய மிதியைச் சோதித்துப் பார்ப்பது அவர் சோற்றுப்பானையைத் திறந்து பார்க்கிற மாதிரி, அந்த மானக்கேட்டை யாருக்கும் செய்வதில்லை என்று தொடக்கத்திலேயே பேசிவைத்திருந்தோம். ஆகவே சோதிக்காமல் முறையைப் பிடுங்கிவிடலாம் என்று தீர்மானித்தோம், அது மட்டும் மானமான காரியமா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியவள் போதுமணி, பட்டறை அவளுடையது.

மறுநாள் மூன்று மணிக்கு அவள் கதவருகில் நின்றாள். நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"உங்க முறையவும் நானே பாத்துக்கிறேனுங்க" என்றாள் காத்தமுத்துவிடம், தரையைப் பார்த்தபடி. "உங்களுக்கு அலைச்சல் வேண்டாம்."

பதினொரு வருடத்துக்குப் பிறகு அவர் அவளிடம் பேசியதை நான்தான் கேட்டேன்.

"அன்னைக்கு உங்க வீட்டுக்காரரு எந் தண்ணிய எடுத்தாரு. இதையும் எடுக்கணுமா? எம் முறை எனக்கு."

அவள் கேட்டிருக்கலாம், ஏன் காலைத் தூக்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, அந்த வாய் அமாவாசைக் கட்டத்தில் அடைபட்டுக் கிடந்தது.

"சரிங்க. உங்க முறை உங்களுக்கு" என்று விலகி வழிவிட்டாள்.

ஊரில் அவளைத் திட்டாதவர்கள் இல்லை. அவள் சுருளியப்பனிடம் மட்டும், "மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் நெஞ்சு வலிக்கக் கூடாது, சொல்லிப்புட்டேன்" என்றாள். அவர், "வலிகிட்ட நீயே நேர்ல பேசு" என்றார்.

வலி பேச்சுக் கேட்கவில்லை. ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, என் முறை முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, முக்காலியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த சுருளியப்பன் கையில் இருந்ததை எல்லாம் கீழே கொட்டினார், கொட்டியதைப் பொறுக்குவதற்காகக் குனிகிற மாதிரி குனிந்து அப்படியே சாய்ந்தார். நான் இறங்கி ஓடிவந்தேன், பூசாரி மாயாண்டி ஓடிவந்தார், போதுமணி கட்டிலை வெளியே இழுத்துவிட்டாள். கட்டிலைத் தூக்க நான்கு ஆள் வேண்டும், மூன்று பேர்தான் இருந்தோம், கட்டிலின் நான்காவது காலை ஒரு கை பிடித்துத் தூக்கியது. காத்தமுத்து. முறைக்கு வந்தவர்.

கட்டில் பூட்டிக்கொண்டது. போதுமணி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நேத்து மிதிச்சீங்களா?"

"ஏறுங்க மதினி" என்றார் அவர். "சங்கு ஊதப்போவுது."

நானும் பூசாரியும் பின்னால் ஏறிச் சுருளியப்பனை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். எஸ்டேட் சங்கு ஊதத் தொடங்கியபோது வண்டி பட்டறை வாசலில் இருந்தது, அதுவரை வந்தது என் மிதி, இனிமேல் அவருடையது. ஏற்றம் எங்களுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றது. போதுமணி கியரைப் போட்டாள். டீக்கடையில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் பலித்துவிடுமோ என்று இருந்தது, என் வாழ்க்கையில் நான் பொய்யனாக வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

மிதி வந்தது.

அரை மிதி இல்லை, முழு மிதி. வண்டி ஏற்றத்தை முட்டிக்கொண்டு எழுந்தது, முதல் வளைவு எதிரில் வந்தது, போதுமணி பிரேக்கில் கால் வைக்கப் போனாள், அதற்குள் எஞ்சின் தானாகவே தணிந்தது. வளைந்தாள். ஸ்டியரிங் நேராகும்போது எஞ்சின் மறுபடி பொங்கியது. இரண்டாவது வளைவு, தணிந்தது, பொங்கியது. மூன்றாவது வளைவுக்குப் பிறகு நீளமான நேர் ரோடு, அங்கே நீளமான மிதி. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் ரோடு உடைந்து பள்ளமாக இருக்கும், அந்தப் பள்ளத்துக்கு ஒரு கை தூரம் முன்னால் எஞ்சின் பதமாக இறங்கி, அதைத் தாண்டியதும் ஏறியது. நாங்கள் எல்லோரும் நாளைக்காக மிதித்தோம், ஆனால் பெடலைத்தான் மிதித்தோம். இந்த மனுஷன் ரோட்டை மிதித்திருந்தார், மூன்று மணிச் சங்குக்குப் பட்டறையிலிருந்து புறப்பட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் காலை எடுத்து, ஒவ்வொரு நேர் ரோட்டிலும் அழுத்தி. எந்த நாளின் மூன்று மணி அது, கட்டிலில் யாரைப் படுக்கவைத்துக்கொண்டு அவர் தினமும் புறப்பட்டார் என்பது ஏழாவது வளைவில் எனக்குப் புரிந்தது. போதுமணிக்கு அதற்கும் முன்னாலேயே புரிந்திருக்க வேண்டும். அவள் பிரேக்கை மறந்துவிட்டாள், ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு, வண்டியை அவரிடம் விட்டுவிட்டாள்.

பதினைந்தாவது வளைவில் எஞ்சின் தணிந்தது. வெள்ளத்தாய் போன பதினாறாவதில் தணியவில்லை. எல்லா வளைவுக்கும் எடுத்த காலை அந்த ஒரு வளைவுக்கு அவர் எடுக்கவில்லை, மிதியை அடிவரை அழுத்தி, அந்த இடத்தில் ஒரு கணம்கூட நிற்கக் கூடாது என்கிற மாதிரி அழுத்தியிருந்தார், டயர் அலறியது, பூசாரி கருப்பசாமியைக் கூப்பிட்டார், போதுமணி உடம்பு முழுவதையும் போட்டு ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பி அந்த வளைவைத் தாண்டவைத்தாள். தாண்டியதும் அவள் வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே ஓட்டினாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது எஞ்சின் தானாக அடங்கி மெதுவாக உறுமியது. முப்பத்தாறு நிமிடம்.

சுருளியப்பனை உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் வந்து, நேரத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள், டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பயம் இல்லை என்றாள். போதுமணி அங்கே கிடந்த பெஞ்சில் உட்காரவில்லை, நேராக வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

வண்டியை அணைக்க மறந்திருந்தாள். வேப்பமரத்தடியில் ஆள் இல்லாமல் நியூட்ரலில் நின்ற அந்த வண்டி உறுமிக்கொண்டிருந்தது, உறுமி எழும்பியது, தணிந்தது, எழும்பியது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், நான்கு ஆக எட்டு நிமிடம் இருந்தது. நேற்றைய மிதியில் மேலே வந்து சேர்ந்த காத்தமுத்து திரும்பவும் கீழே போய், திரும்பவும் கட்டிலை ஏற்றி, திரும்பவும் முதல் வளைவிலிருந்து புறப்பட்டிருக்கிறார். இரண்டு மணி நேர முறையில் ஒருவர் எத்தனை தடவை மலையேறலாம் என்று நான் கணக்குப் போடவில்லை, போட எனக்கு மனம் வரவில்லை.

"அக்கா" என்றேன். "ஊர்ல சொன்னது நான்தான். காலைத் தூக்குறாருன்னு சொன்னது."

"தூக்குனாருதான" என்றாள் அவள். "நீ கண்டதைத்தான சொன்ன." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மணி என்ன?"

"நாலு ஆகப்போவுது."

"இன்னைக்கும் அவரு முறைதான். வண்டி இங்க கெடக்கு, அவரு அங்க எதை மிதிப்பாரு?"

கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிக் கீழே வைத்தாள். எஞ்சின் ஐந்தாவது வளைவைத் தாண்டிப் பள்ளத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் காலைப் பெடலில் வைத்து, நேற்று அவர் மிதித்த சத்தம் போகிற வழியிலேயே தன் காலையும் விட்டாள், அது தணிந்தபோது எடுத்தாள், அது பொங்கியபோது அழுத்தினாள், நாளைக்கு நான்கு மணிக்கு யார் இந்தக் கட்டிலில் படுத்திருப்பார்களோ அவர்களுக்காக. நான் வெளியே நின்று ஒவ்வொரு வளைவாக எண்ணினேன். பதினான்கில் எடுத்தாள், பதினைந்தில் எடுத்தாள். பதினாறில் அவள் காலை எடுக்கவில்லை.